முதல் பிடி மண்

மங்களம் யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும் முன் வாசல் நிலையை இரண்டு தடவை தட்டிப் பார்ப்பாள். நடுவிரலை மடக்கி, அதன் முட்டியால் டொக், டொக் என்று. கதவு திறந்தே கிடந்தாலும் தட்டுவாள். வீட்டுக்காரர்கள் எதிரே நின்று "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தட்டுவாள். தட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு கணம் நிற்பாள். அதற்குப் பிறகுதான் உள்ளே கால் வைப்பது.

கல்யாண மண்டபம், வங்கி, கோயில் எதற்கும் விலக்குக் கிடையாது. மகள் பிரமிளா பட்டம் வாங்கிய அன்று, பல்கலைக்கழக மண்டபத்தின் பெரிய மரக்கதவையும் தட்டினாள். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நின்ற தோழிகள் சிரித்தார்கள். "உங்கம்மா உள்ள வர உத்தரவு கேக்கறாங்களா?" என்றாள் ஒருத்தி. பிரமிளா கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவோ அவள் பக்கத்தில் வந்து, "நல்ல மரம் லா. உள்ள திடமா இருக்கு" என்று திருப்தியாகச் சொன்னாள்.

அந்தப் பழக்கம் தோட்டத்தில் வந்தது. ஈப்போவை அடுத்த செம்மோரைத் தாண்டி உள்ளே போனால் பதினோராங்கட்டைத் தோட்டம். அங்கே ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் குடும்பம் மங்களத்தினுடையது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளெல்லாம் பலகை வீடுகள். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மூன்று வீடு தள்ளியிருந்த முத்தம்மாவின் புருஷன் மத்தியான வேளையில் வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நிலை அப்படியே பொடிந்தது. மேலிருந்த சட்டமும் தகரமும் அவர் கால்மேல் இறங்கின. கரையான். மேலே பச்சைச் சாயம் பளபளவென்று இருக்க, உள்ளே வெறும் மண். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வந்து பார்த்துவிட்டு, "முன்னமே ரிப்போட் பண்ணியிருக்கணுமே" என்றாராம்.

தோட்டத்தில் வீடு கம்பெனியுடையது. கூரை ஒழுகினால் ஆபீசுக்குப் போய்ப் பெயர் எழுதி வைக்க வேண்டும். தச்சர் ஒருநாள் வருவார்; வராமலும் போவார். வீட்டை ரிப்பேர் செய்யும் செலவு என்று ஒன்று தொழிலாளியின் கணக்கிலேயே இருந்ததில்லை. காத்திருப்பது ஒன்றுதான் அவர்கள் வேலை.

இரண்டாயிரத்து ஒன்றில் தோட்டத்தை விற்றார்கள். பாதி நிலம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்குப் போனது. மீதியில் மரங்களைச் சாய்த்து, மேலே மண்ணைத் தள்ளி, வரிசை வீடுகள் கட்டினார்கள். வேலை இழந்தவர்களுக்கு அதில் மலிவு விலையில் வீடு கிடைத்தது. மங்களமும் அவள் புருஷன் தேவனும் கடன் போட்டு ஒன்றை வாங்கினார்கள். வீடு பார்க்க யாராவது வந்தால் மங்களம் சமையலறையில் நின்று காலால் தரையைத் தட்டிக் காட்டுவாள். "இது நான் மரம் வெட்டுன நெரை லா. பதினேழாவது மரம் இங்கதான் நின்னுச்சு. வேர் இன்னும் கீழ கெடக்கும்." சின்ன வயதில் பிரமிளாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் வளர்ந்த பிறகு, சாப்பிட உட்காரும்போது காலை மேலே தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றியது.

தேவன் லோரியில் டிரைவருக்கு உதவியாகக் கூட்டாளி வேலை பார்த்தவர். பிரமிளாவுக்குப் பதினைந்து வயதாகும்போது ஒரு விபத்தில் போய்விட்டார். மங்களம் ஈப்போவில் ஒரு டோபிக் கடையில் சேர்ந்து ஹோட்டல் விரிப்புகளை இஸ்திரி போட்டாள். ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அதை ஒரு காசு மிச்சமில்லாமல் வீட்டுக் கடனில் கட்டினாள். வங்கி கொடுத்த கடிதத்தைச் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டாள்.

"இனிமே இது கம்பெனி வீடு இல்ல, பேங்க் வீடும் இல்ல. நம்ம வீடு."

வீடு நம்முடையது என்றால் அதில் துருப்பிடிக்கும் ஒவ்வோர் ஆணியும் நம்முடையது என்பது அடுத்த இரண்டு வருடங்களில்தான் விளங்கியது.

முதலில் ஐஸ்பெட்டி நின்றது. வாங்கி வைத்திருந்த மீனெல்லாம் கெட்டுப்போயிற்று. மங்களம் சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்து, முந்நூற்றைம்பது வெள்ளிக்குப் பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். அடுத்த மாதமே துணி துவைக்கும் இயந்திரம். அதை வாங்கவே இல்லை. வீட்டுத் துணிகளைப் பையில் திணித்து வேலைக்குக் கொண்டுபோய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி தவுக்கேயின் அனுமதியோடு துவைத்து, ஈரத்தோடு பஸ்ஸில் தூக்கி வந்தாள். "உலகத்திலேயே பெரிய மெஷின்ல தொவைக்கிற துணி லா நம்மளுது" என்று சிரிப்பாள்.

மூன்றாவதாகத் தண்ணீர் பில். எப்போதும் பத்து வெள்ளியைத் தாண்டாதது அறுபத்து மூன்று காட்டியது. குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவே, சுவருக்குள் குழாய் உடைந்திருந்தது. குழாய்க்காரர் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தொள்ளாயிரம் என்றார்.

"சொவத்த ஒடச்சி, திருப்பிப் பூசித் தர்றது அதுல சேருமா?"

"சேராதுக்கா. ஒடைக்க மட்டும்தான்."

"ஒடைக்கவே தொள்ளாயிரமா? நான் சும்மாவே ஒடைப்பேனே" என்றாள் மங்களம். அவரும் சிரித்தார். அவர் போன பிறகு வாசலில் இருக்கும் மெயின் பைப்பை மூடினாள். காலையில் ஒருமணி நேரம், மாலையில் ஒருமணி நேரம் திறந்து பீப்பாய்களை நிரப்பிக்கொண்டார்கள். பில் இறங்கியது. ஆனால் திறக்கும் அந்த இரண்டு மணி நேரம் சுவருக்குள் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. சுண்ணாம்பு உப்பி உதிர்ந்தது. சுவரைத் தொட்டால் நோய்க்காரர் நெற்றியைத் தொட்டதுபோல் கையில் ஈரம் ஒட்டியது.

ஜூன் மாதம், சமையலறை அலமாரியை நகர்த்தித் துடைத்தபோது, ஈரச் சுவரில் விரல் தடிமனுக்கு ஒரு மண்கோடு ஏறிப்போவதைப் பிரமிளா பார்த்தாள். தரையில் தொடங்கி, கூரைப் பலகைக்குள் போய் மறைந்தது. நகத்தால் கீறினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாய் நெளிந்தன. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்துவிட்டு அலமாரியைப் பழைய இடத்தில் தள்ளினாள்.

அந்த வாரம் அவளுக்குக் கோலாலம்பூரில் ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகியும் ஒப்பந்த வேலைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்களா என்று காத்துக் கிடக்கும் வேலை. வங்கியில் மூவாயிரம் வெள்ளி சேர்த்து வைத்திருந்தாள், அங்கே அறை எடுக்க. கோட்டைப் பற்றிச் சொன்னால் அந்தப் பணம் சுவருக்குள் போய்விடும். தேர்வு முடிந்து சொல்லலாம் என்று இருந்தாள். வேலை கிடைக்கவில்லை. அதற்குள் சொல்வதற்கான நாளும் கடந்துவிட்டது போலிருந்தது. படித்தவள் என்று தெருவில் பெயர். அந்தப் படிப்பு துணியால் துடைக்கத்தான் பயன்பட்டதா என்று பிறகு பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அதே நாட்களில் இன்னொன்றையும் கவனித்தாள். கொல்லைக் கதவு வழியாக வரும்போது அம்மா நிலையைத் தட்டுவதில்லை. வாசல் கதவைத் தட்டினாள், அடுத்த வீட்டில் தட்டினாள். கொல்லைப் பக்கம் மட்டும் கையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி நுழைந்தாள். வயதாகிறது, மறந்திருப்பாள் என்று பிரமிளா நினைத்தாள்.

ஆடி பிறந்து மூன்றாவது வெள்ளிக்கிழமை, சமையலறை மூலையில் தரை வெடித்து மண் எழும்பியிருந்தது. முதல் நாள் ஒரு கிண்ணம் கவிழ்த்த அளவு. திங்கட்கிழமை முழங்கால் உயரம். பழுப்பு நிறத்தில், மூன்று முகடுகளோடு, சுவரை ஒட்டிச் சாய்ந்து நின்றது.

பக்கத்து வீட்டுக் காளியம்மா வந்து பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக மரம் வெட்டியவர்கள். பார்த்ததும் காளியம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள்.

"மங்களம், இது புத்துடி. ஆடி வெள்ளியில அம்மா வந்து ஒக்காந்திருக்கா. கோடி கொடுத்தாலும் கெடைக்குமா?"

மங்களம் மண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரமிளா அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மா 'கரையான்' என்று சொல்லப்போகிறாள், இப்போது சொல்வாள் என்று காத்திருந்தாள்.

"மஞ்சள் இருக்கா பாரு, பிரமி" என்றாள் மங்களம்.

புற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் ஏறின. வெள்ளிக்கிழமைதோறும் பாலும் ஒரு முட்டையும். தாமான் குடியிருப்பிலிருந்து பெண்கள் வந்தார்கள். பாகான் செராயிலிருந்துகூட ஒரு குடும்பம் கார் எடுத்துக்கொண்டு வந்தது. ஒருத்தி தட்டில் பத்து வெள்ளியை வைத்தபோது மங்களம் எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இது கோயில் இல்லம்மா, என் அடுப்படி." அவள் நடையில் ஒரு நிமிர்வு வந்திருந்தது. டோபிக் கடையிலிருந்து வந்ததும் குளித்து, ஈரத்தலையோடு விளக்கேற்றிவிட்டுத்தான் தேநீர் குடிப்பாள். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து பிரமிளா பார்த்ததில்லை. அதனால் பயமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்திய வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் மழை சட்டென்று ஓய்ந்த அமைதியில், அம்மா படுக்கும் பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்த பிரமிளாவுக்கு மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ காய்ந்த இலைகளைக் கையில் வைத்து மெதுவாகக் கசக்குவது போல. நின்றது. மறுபடி தொடங்கியது. அண்ணாந்து பார்த்தாள். கூரைப் பலகை அம்மாவின் கட்டிலுக்கு நேர்மேலே, வயிறு தள்ளியதுபோல் கீழே இறங்கியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை, அம்மா வேலைக்குப் போனதும் கரையான் மருந்து அடிப்பவரை வரவழைத்தாள். ஜெயபாலன் என்று பெயர்; ஆயர் தாவார் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். சமையலறைக்குள் வந்து புற்றையும் மஞ்சளையும் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். வெளியே போய்க் காலுறையைக் கழற்றிவிட்டு வந்து, கைகூப்பிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். ஏணி போட்டுக் கூரைக்குள் ஏறினார். அரைமணி நேரம் கழித்து இறங்கியபோது அவர் கையிலிருந்த திருப்புளியின் பிடிவரைக்கும் ஈரமண் அப்பியிருந்தது.

"தங்கச்சி, அந்தப் பின்னறையில யாரு படுக்கறது?"

"அம்மா."

"இன்னைலேர்ந்து வேணாம்."

அவர் திருப்புளியைத் துடைத்தபடி சொன்னார்: "முகட்டுச் சட்டத்துல குத்துனேன். பிடிவரைக்கும் எறங்கிருச்சு. மரமே இல்ல அங்க, தோல்தான் இருக்கு. ஓடு எல்லாம் பழக்கத்துல நிக்குது."

"எவ்வளவு நாள் தாங்கும்ணே?"

"நாலு நல்ல மழை. அஞ்சாவதுக்கு நான் பொறுப்பில்ல."

மருந்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. கூரையை இரும்புச் சட்டத்தில் மாற்ற, வேறொரு ஆளிடம் கேட்டதில், பதினாறாயிரத்து ஐந்நூறு.

"புத்த ஒடைச்சுத்தான் மருந்து போடணும்" என்றார் ஜெயபாலன். "ஆனா நான் மொதல்ல கை வைக்க மாட்டேன். என் ஆளுங்களும் வைக்க மாட்டாங்க. வீட்டுக்காரங்க கும்புட்ட புத்துன்னா, வெளக்கேத்துன கைதான் மொதப் பிடி மண்ண எடுக்கணும். அதுக்கப்புறம் எங்களுக்கு அது வெறும் கரையான்."

"நான் எடுக்கறேன்."

"நீங்க வெளக்கேத்துனீங்களா?"

பிரமிளா புற்றின் முன் இருந்த விளக்கைப் பார்த்தாள்.

"அப்ப உங்கம்மாதான்" என்று அவர் காலணியை மாட்டிக்கொண்டார். "சுவரு பக்கத்து வீட்டுக்கும் பொது. அவங்களும் மருந்து அடிக்கறது நல்லது, சொல்லி வைங்க."

காளியம்மாவிடம் அன்றே சொன்னாள். "அம்மனுக்கு மருந்து அடிக்கச் சொல்றியா? உன்ன யுனிவர்சிட்டிக்கு அனுப்புனது இதுக்குத்தானா?" என்று காளியம்மா வேலிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் அம்மா வந்ததும் பிரமிளா எல்லாவற்றையும் சொன்னாள். மங்களம் நாற்காலியில் உட்கார்ந்து கால் விரல்களை நீவிவிட்டபடி கேட்டாள். முகத்தில் ஒரு வியப்பும் இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"கொல்லைக் கதவு நெலையத் தட்டுனேன். ரெண்டு வருஷம் இருக்கும். டொக்குன்னு வரல. புட்டுக் கொழலத் தட்டுன மாதிரி வந்துச்சு. அதோட தட்டறத விட்டுட்டேன்."

"ரெண்டு வருஷமா? சொல்லியிருக்கலாம்ல ம்மா?"

"யாருகிட்ட? பேரு எழுதி வைக்க ஆபீசு எங்க இருக்கு?"

பிரமிளா எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உன் காசத் தொடக்கூடாதுன்னு இருந்தேன். நீ வேலைக்குக் கேஎல் போவணும். இந்த மண்ணு எழும்புனப்ப காளியம்மாக்கா அம்மா வந்திருக்கான்னாங்க. நானும் சரின்னுட்டேன். கரையான்னு சொன்னா ஆயிரக்கணக்குல செலவு. அம்மான்னு சொன்னா ஒரு முட்டை."

"அப்ப நீ நம்பவே இல்லையா?"

மங்களம் புற்றைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "மொதல்ல நம்பல. கும்புடக் கும்புட வந்துருச்சு. இப்ப அவ இருக்கா பிரமி. நான் அந்த மண்ணுல கை வச்சா சும்மா விடமாட்டா."

"கூரை மேல விழுந்தா?"

"அதையும் அவதான் புடிச்சு வச்சிருக்கா."

ஜூன் மாதத்துக் கோட்டைப் பற்றி அப்போதும் பிரமிளா சொல்லவில்லை. "நான் கேஎல் போகல ம்மா. லோன் போடறேன். கூரைய மாத்துவோம்" என்று மட்டும் சொன்னாள்.

மங்களம் முன்னறைக்கு மாறவில்லை. அதே கட்டிலில்தான் படுத்தாள். இரண்டு மழை போயிற்று. மூன்றாவது மழையில் பலகை இன்னும் நான்கு விரற்கடை இறங்கி, ஓர் ஓடு உள்ளே சரிந்து, அவள் தலையணைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. எழுந்து உட்கார்ந்து அந்த ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வரச் சொல்லு அந்தத் தம்பிய" என்றாள்.

ஜெயபாலன் இரண்டு ஆட்களோடு ஒரு புதன்கிழமை காலை வந்தார். மங்களம் மஞ்சள் பூசிக் குளித்து, ஈரச்சேலையோடு புற்றின் முன் மண்டியிட்டாள். காளியம்மா கொல்லை வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள். ஆட்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மங்களம் வலது கையைப் புற்றின் நடு முகட்டில் வைத்தாள். உதடுகள் அசையத் தொடங்கின. சத்தமில்லை. ஒரு மந்திரம் சொல்லும் நேரம் அல்ல, கடைக்காரனிடம் பேரம் பேசும் நேரம். நடுவே தலையை அசைத்தாள், மறுத்தாள், மறுபடி ஒப்புக்கொண்டாள். எதிரே யாரோ இருந்து கேட்பது போலவும் இவள் கொடுக்க முடிந்ததைச் சொல்வது போலவும் இருந்தது.

பிறகு விரல்களை மண்ணுக்குள் அழுத்தி ஒரு பிடி எடுத்தாள். உள்ளே மண் காய்ந்திருக்கவில்லை. ஈரமாக, தேனடைபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதிலிருந்து வெள்ளைப் பூச்சிகள் அவள் மணிக்கட்டில் ஏறி முழங்கைவரை ஓடின. அவள் உதறவில்லை. அந்தப் பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"இனி உங்க வேல தம்பி."

புற்றைத் தோண்டி எடுக்க மத்தியானம் ஆயிற்று. தரைக்குக் கீழே ஒரு பழைய வேர், தொடைத் தடிமனுக்கு, சல்லடையாக இருந்தது. ஜெயபாலன் அதை வெளியே இழுத்துப் போட்டபோது மங்களம் பார்க்கவில்லை.

"என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்று பிரமிளா அன்று சாயங்காலம் கேட்டாள்.

"அத முன்னாடியே சொல்லக்கூடாது. கட்டி முடிச்சதும் சொல்றேன்." மஞ்சள் முடிச்சைச் சாமி மேடையில் வைத்தாள். "கொஞ்சம் பெரிசாத்தான் கேட்டா" என்றாள், பாதி தனக்குள்.

பிரமிளா ஐந்து வருடத் தவணைக்குக் கடன் போட்டாள். ஜனவரியில் புதுக்கூரை ஏறியது. இரும்புச் சட்டம், மேலே நீலத் தகரம். குழாயையும் சேர்த்து மாற்றினார்கள். வீடு முதன்முறையாகக் காய்ந்த வாசனை அடித்தது. மழை பெய்தால் மட்டும் தகரத்தில் பேச்சே கேட்காத இரைச்சல். மங்களம் அந்த இரைச்சலில் தூங்குவதில்லை. "ஏம்மா, இப்பத்தான் பயமில்லையே" என்று பிரமிளா சொன்னால், "பயமில்ல, பாக்கி இருக்கு. தைப்பூசம் போகட்டும், முடிச்சிடறேன்" என்பாள்.

தைப்பூசம் போய் நான்காம் நாள், டோபிக் கடையில் ஒரு விரிப்பை இயந்திரத்தில் விட்டுக்கொண்டிருந்தபோது மங்களத்தின் வலது கை கீழே தொங்கியது. அப்படியே வலப்பக்கமாகச் சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிரமிளா போய்ச் சேர்ந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு போய்விட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, பல வருடமாக மருந்தைச் சரியாக எடுக்கவில்லை என்று டாக்டர் விளக்கினார். எல்லாம் விளங்கியது. மண்ணை எடுத்த கை எது என்பதும் பிரமிளாவுக்கு நினைவிருந்தது. இரண்டையும் ஒன்றாக யோசிக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

பத்தொன்பது நாள் மங்களம் கிடந்தாள். ஆறாம் நாளிலிருந்து, பிரமிளா பக்கத்தில் வந்தாலே இடது கையைத் தூக்கி மூன்று விரலை நீட்டினாள். அடுத்த படுக்கைக்காரியைப் பார்க்க வந்தவர்கள், தண்ணீர் கேட்கிறாள் என்றார்கள். தண்ணீர் இல்லை. கண்ணில் அவ்வளவு அவசரம்.

"வேண்டுதலா ம்மா?"

கண்ணை மூடித் திறந்தாள்.

"மூணு பால்குடமா?" மூடித் திறந்தாள். "மூணு வருஷம் எடுக்கணுமா?" அதற்கும் மூடித் திறந்தாள். "மூணு வெள்ளிக்கிழமையா? மூணு பேருக்கா?" எல்லாவற்றுக்கும் அதே. ஆமாம் என்கிறாளா, இல்லை என்கிறாளா, களைத்துப்போய் மூடுகிறாளா, தெரியவில்லை. ஒருநாள் பிரமிளா குனிந்து, "ஜூன் மாசமே பாத்தேன் ம்மா. தொடச்சிட்டேன். சொல்லல" என்று அவள் காதில் சொன்னாள். மங்களம் மகளை வெறுமனே பார்த்தாள். பிறகு மறுபடி மூன்று விரல்.

மார்ச் முதல் வாரம் அவள் போய்விட்டாள்.

ஜூலையில், ஆடி பிறந்த வாரம், காளியம்மா வந்தாள். அவள் வாசலில் நின்று கூப்பிடாமல் நேரே உள்ளே வந்து, பிரமிளாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சமையலறைச் சுவரில், மங்களத்தின் வீட்டோடு ஒட்டிய அதே சுவரின் மறுபக்கத்தில், விரல் தடிமனுக்கு மண்கோடு ஏறியிருந்தது. காளியம்மா அதன் கீழே விளக்கு வைக்கவில்லை.

"உங்கம்மா என்னா வேண்டுனா, சொல்லு."

"தெரியல பெரியம்மா. மூணுன்னு காட்டுனாங்க, அவ்வளவுதான். இது கரையான். ஜெயபாலன் அண்ணே நம்பர் தரேன், இப்பவே அடிச்சிட்டா செலவு கம்மி."

"எனக்கு அவன் நம்பரு வேணாம்." காளியம்மா மண்கோட்டைக் காட்டினாள். "புத்துகிட்ட சொல்லிட்டுக் குடுக்காமப் போயிட்டா உங்கம்மா. கேட்டவ அடுத்த கதவத் தட்டறா. நீ படிச்ச புள்ள, நம்ப மாட்டே. பரவால்ல. ஆனா குடுத்துட்டு நம்பாம இரு."

அன்று மாலை பிரமிளா ஜெயபாலனுக்கும் போன் செய்தாள். அவர் சனிக்கிழமை வந்து காளியம்மாவின் சுவரைப் பார்ப்பதாகச் சொன்னார். பிறகு மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு செம்மோர் சாலையில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போனாள். எது நிஜமான வேலை, எது ஒப்புக்குச் செய்வது என்று போகும் வழியில் அவளால் சொல்ல முடியவில்லை.

அலுவலகச் சன்னலில் இருந்த பெரியவர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். வேண்டுதல் செலுத்த வந்ததாகச் சொன்னாள்.

"பேரு?"

"மங்களம்."

"அவங்க வரலியா?"

"இல்ல. இறந்துட்டாங்க. நான் மகள்."

அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். "நட்சத்திரம்?"

சொன்னாள்.

"என்னா வேண்டுதல்? பால்குடமா, காவடியா, அன்னதானமா?"

பிரமிளா முடிச்சை இறுகப் பிடித்தாள். வங்கிக் கடனில் இன்னும் ஐம்பத்து நான்கு தவணை இருக்கிறது. எவ்வளவு, எந்தத் தேதி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

"தெரியாதுங்க" என்றாள்.

"எவ்வளவுன்னு தெரியாததை எப்படிம்மா வரவு வைக்கிறது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் வைத்தபடி, அவள் ஏதாவது சொல்வாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பின்னால் வரிசையில் ஆட்கள் சேர்ந்தார்கள். பிறகு அவர் அந்தத் தாளைக் குறுக்காகக் கோடு போட்டு ரத்துசெய்துவிட்டு, "கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கேட்பதற்கு ஆள் இல்லை. பிரமிளா முடிச்சோடு வெளியே வந்தாள். மங்களம் பட்ட கடன் இன்னும் கட்டப்படவில்லை.